தீர்த்த நாளில் வாவியில் படகு: திரும்பும் வழியை முதலில் பாருங்கள்

மட்டக்களப்பு வாவியில் பொழுதுபோக்குக்காகப் படகு இறக்குகிறவர்களுக்கு எழுதுகிற குறிப்பு இது. 16, 18 அடி ஃபைபர் படகில் சின்ன எஞ்சின் பூட்டி வைத்திருப்பவர்கள், கயாக் வைத்திருப்பவர்கள், ஊரிலிருந்து உறவுக்காரர் வந்தால் வாவியைச் சுற்றிக் காட்டக் கூட்டிப் போகிறவர்கள் வாசித்தால் போதும். வலை போடுகிற அண்ணன்மாருக்கு இது தேவையில்லை. திருவிழா வந்தால் நீர்வழியை மறித்து எங்கே கயிறு கட்டுவார்கள், எப்போது அவிழ்ப்பார்கள் என்று அவர்களுக்குக் கேட்காமலே தெரியும்.

திருவிழாவுக்கு நீர்வழியை மறித்தால் நாம் முதலில் யோசிப்பது எந்தப் பக்கத்தால் போகலாம் என்பதைத்தான். ஆனால் கரைச்சல் வருவது திரும்பும்போது. காலை 6 மணிக்கு வெறுமையாகக் கிடந்த இறங்குதுறையில் 9 மணிக்கு ஐந்நூறு பேர் குளித்துக்கொண்டிருப்பார்கள். படகு ஏற்றி வந்த டிரெய்லர் நிற்கும் ரோட்டில் தண்ணீர்ப்பந்தல் போட்டிருப்பார்கள். படகு தண்ணீரில், வாகனம் கரையில், நடுவில் சனம். அதனால் படகு இறக்க முன்னமே எங்கே ஏற்றுவது என்று முடிவெடுத்துவிடுங்கள்.

எந்த நாள், எந்தக் கரை

ஆடி அமாவாசையில் அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் ஆலயத் தீர்த்தம் நடப்பது கோயிலடிக் குளத்தில்தான், வாவியில் இல்லை. அதை நம்பி வாவி வழமைபோல இருக்கும் என்று கணக்குப் போட வேண்டாம். அமிர்தகழி வாவியை ஒட்டிய ஊர். அன்றைக்கு நகரத்துக்கு வடக்கே போகிற ரோட்டெல்லாம் சனத்தால் நிறையும். முன்னோருக்குக் கடன் செய்ய வருகிறவர்கள் எல்லாரும் குளத்தோடு நிற்பதும் இல்லை, கிட்டவுள்ள நீர்க்கரையிலும் இறங்குவார்கள். முகத்துவாரப் பக்கம், பாலமீன்மடு வெளிச்சவீட்டுப் பக்கம் படகோடு போக நினைக்கிறவர்கள் அன்றைக்குத் தெற்கே திரும்புவதே மேல்.

மண்டூர் கந்தசுவாமி கோயில் திருவிழா ஆவணிப் பூரணையை ஒட்டித் தீர்த்தத்தோடு முடியும். எழுவான்கரையிலிருந்து, அதாவது வாவியின் கிழக்குக் கரையிலிருந்து, மண்டூருக்குக் குறுக்கு வழி குருமண்வெளிப் பாதை. வெளியூர் வாசகருக்கு ஒரு வரி: இங்கே ‘பாதை’ என்றால் ஆளையும் மோட்டர் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கிற மிதவைப் படகு. 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு அந்த இடத்துப் பாதைக்கு வேலை இல்லாமல் போனது. குருமண்வெளி, அம்பிளாந்துறைப் பக்கம் இன்னும் அதுதான் கதி. திருவிழா நாளில் பாதை ஓயாமல் ஓடும், கொள்ளுமட்டும் ஆள் ஏறும். அந்தத் துறைக்கு யாரும் கயிறு கட்டாவிட்டாலும், உங்களைப் பொறுத்தவரை அன்றைக்கு அது மூடின இடம்தான்.

சித்திரைப் புத்தாண்டை ஒட்டித் தோணி ஓட்டம், நீச்சல் என்று நடக்கும்போது மறிப்பு வேறு மாதிரி. ஓட்டப் பாதையின் நீளத்துக்கு மிதவை போட்டு இரண்டு பக்கமும் அடைப்பார்கள். ஓட்டத்துக்கு ஓட்டம் இடையில் கொஞ்ச நேரம் திறந்து விடுவதும் உண்டு. அந்த இடைவெளியில் புகுந்து போகலாம் என்று வேகம் கூட்டுகிறவர்தான் அடுத்த ஓட்டத்துத் தோணிக்காரரின் வாயில் விழுவார். மறிப்புக் கயிற்றுக்கு வெளியே நின்று, பாதுகாப்புப் படகிலுள்ளவர் கை காட்டினால் மட்டும் போங்கள்.

திகதி பஞ்சாங்கத்தில் கிடைக்கும். நேரத்துக்குக் கோயில் அச்சடித்து வெளியிடுகிற திருவிழா அறிவித்தலான மகோற்சவ விஞ்ஞாபனத்தைப் பாருங்கள், தீர்த்தத்துக்குக் குறித்த முகூர்த்தம் அதில் இருக்கும். ஆனால் சாமி புறப்படுவதும் சனம் கலைவதும் அச்சடித்த நேரத்துக்கு நடப்பதில்லை. விஞ்ஞாபன நேரத்துக்கு முன்னால் ஒரு மணித்தியாலம், பின்னால் இரண்டு மணித்தியாலம் கூட்டி, அவ்வளவு நேரமும் அந்தக் கரை இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். பெரிய திருவிழாவென்றால் பிரதேச செயலகத்திலோ கச்சேரியிலோ (மாவட்டச் செயலகம்) முன்னாயத்தக் கூட்டம் வைப்பார்கள். பொலிஸ், கடற்படை, மாநகர சபை, கோயில் பரிபாலன சபை எல்லாம் அங்கே பேசித்தான் எந்தக் கரை, எந்த ரோட் என்று முடிவாகும். கூட்டம் முடிந்த கையோடு பரிபாலன சபை ஆள் ஒருவரையோ உங்கள் துறையின் மீனவர் சங்கத்தையோ கேட்டால் விஷயம் கைக்கு வந்துவிடும். முகநூலில் சுற்றுகிற படத்தை நம்பிப் படகு இறக்க வேண்டாம். போன வருஷத்து அறிவித்தலும் அதே நிறத்தில்தான் இருக்கும்.

கல்லடிப் பாலத்தடி

வாவியின் தென்பகுதியிலிருந்து முகத்துவாரத்துக்குப் படகில் போக இருக்கிறது ஒரே கழுத்து: கல்லடிப் பாலத்தடி. 2013இல் திறந்த புதுப் பாலமும் பக்கத்தில் பழைய இரும்புப் பாலமும் சேர்ந்து இரண்டு வரிசைத் தூண். இந்த இடத்தை மறித்தால் சுற்றுப் பாதை என்று ஒன்று இல்லை. படகு எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம்தான் அன்றைக்கு. அதனால் டிரெய்லர் பாலத்துக்குத் தெற்கே நின்றால் வடக்கே போகாதீர்கள், வடக்கே நின்றால் தெற்கே வராதீர்கள்.

பாலத்தடியில் மறிப்பு இல்லாத திருவிழா நாளிலும் இரண்டு விஷயம் உண்டு. ஒன்று, மேலே நின்று தூண்டில் போடுகிறவர்கள். தங்கூசி, அதாவது தூண்டில் நூல், கண்ணுக்குத் தெரியாது, முகத்துக்கு நேரே தொங்கும். எஞ்சினைக் குறைத்து, மேலே பார்த்து, ஒரு குரல் கொடுத்து அவர்கள் இழுத்த பிறகு போங்கள். மற்றது பூரணை இரவு. மீன் பாடுவது கேட்கவென்று எஞ்சினை நிறுத்தி, துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு மறு நுனியில் காதை வைத்துக்கொண்டு ஆட்கள் மிதக்கிற இடமும் இதுதான். அவர்களில் பாதிப் பேர் லைட்டையும் அணைத்து வைத்திருப்பார்கள், அழகுக்காக! சித்திரா பௌர்ணமி, வெசாக், ஆவணிப் பூரணை எல்லாம் இந்தக் கணக்கில் வரும். இரவில் பாலத்தடியைக் கடக்கிற படகு நடை வேகத்துக்கு மேல் போகக் கூடாது.

வேகமும் அலையும்

திருவிழா நாளில் பொழுதுபோக்குப் படகு செய்கிற பெரிய கெடுதல் அலைதான். கரையில் இடுப்பளவு தண்ணீரில் நிற்கிற கிழவியைத் தள்ளி விழுத்த ஓரடி அலை போதும். ஆள் நிறைந்த பாதையின் விளிம்பு தண்ணீர் மட்டத்துக்கு எவ்வளவு கிட்ட இருக்கும் என்று பார்த்தவர்களுக்கு நான் மிச்சம் சொல்லத் தேவையில்லை.

‘மெதுவாகத்தான் போனேன்’ என்று எல்லாரும் சொல்வார்கள். முழு வேகத்திலிருந்து பாதிக்குக் குறைப்பதை மெது என்று நினைக்கிறார்கள். அந்தப் பாதி வேகம்தான் எல்லாவற்றிலும் மோசம். படகு ஓடும்போது மூக்குத் தூக்கி, பின்பக்கம் அமர்ந்து, தண்ணீரை உழுதுகொண்டு போகிற ஒரு வேகம் இருக்கிறது. பெரிய அலை அப்போதுதான் வரும். 15 குதிரைவலு எஞ்சின் பூட்டின 18 அடிப் படகில் நாலைந்து பெரிய ஆட்கள் ஏறினால், அது பல நேரம் அந்த நிலையைத் தாண்டிக் கிளம்பவே மாட்டாது. எவ்வளவு திறந்தாலும் உழுதுகொண்டேதான் போகும்.

இதோடு வாவியின் ஆழமும் சேர்கிறது. கோடையில் முகத்துவாரம் மண்ணால் அடைபட்டு, தண்ணீர் வற்றி, பல இடத்தில் ஒரு மீற்றர், ஒன்றரை மீற்றர்தான் நிற்கும். ஆழம் குறைந்த தண்ணீரில் அலைக்கு ஓர் எல்லை வேகம் உண்டு, படகு அதை அண்டும்போது அலை திரண்டு எழும்பும். ஒரு மீற்றர் ஆழத்தில் அது மணிக்கு 11 கிலோமீற்றர் அளவில் வரும், ஒன்றரை மீற்றரில் 14 அளவில். நம்முடைய படகுகள் ‘சும்மா உலாத்துகிற’ வேகமே இதுதான். ஆடி, ஆவணி மாதங்களில் சனம் நிற்கிற கரையிலிருந்து 200 மீற்றருக்குள் மணிக்கு 5, 6 கிலோமீற்றரைத் தாண்டாதீர்கள். ஃபோனில் ஜிபிஎஸ் வேகம் காட்டுகிற செயலி ஏதாவது ஒன்று இருந்தால் போதும். அது இல்லாவிட்டால் பின்னால் திரும்பிப் பாருங்கள்: உங்கள் அலையில் வெள்ளை நுரை தெரிந்தால் வேகம் கூடிப்போனது.

ஆட்களை முன்னுக்குப் பின்னுக்கு மாற்றி உட்கார வைப்பதும் உதவும். எல்லாரும் பின்பலகையில் இருந்தால் பின்பக்கம் தாழ்ந்து அலை கூடும். கனமான இருவரை நடுப்பலகைக்கு முன்னால் அனுப்புங்கள். இன்னொன்று, சனத்தைக் கண்டு வேகத்தைச் சடுதியாகக் குறைத்தால் பின்னால் வந்த அலை உங்களைத் தாண்டி முன்னே போய்க் கரையில் அடிக்கும். குறைப்பதைத் தூரத்திலேயே தொடங்க வேண்டும்.

பாதை குறுக்கே வந்தால் அதன் பின்பக்கத்தால் போங்கள். அதற்குத் திரும்பவும் நிற்கவும் இடம் வேண்டும், உங்களுக்கு அவ்வளவு தேவையில்லை.

கச்சான் காற்று

ஆடி, ஆவணியில் காலை வெயில் ஏறினதும் கச்சான் மேற்கிலிருந்து அடிக்கத் தொடங்கும். வாவி வடக்குத் தெற்காக நீண்டு கிடப்பதால், காற்று மேற்குக் கரையான படுவான்கரையிலிருந்து எழுவான்கரைக்குக் குறுக்கே வரும். காலை 10 மணிக்கு மேல் மறிப்புக்கு வெளியே எஞ்சினை நிறுத்திவிட்டுக் காத்திருக்கிற படகு, தானாகவே கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதிக் கரைக்குத்தான் ஒதுங்கும். குளிக்கிற சனம் அந்தக் கரையில் என்றால் உங்கள் படகு அவர்கள் மேல் ஏறும். ஆகவே சனம் நிற்கிற கரைக்குக் காற்றின் மேற்பக்கத்தில் நிற்கவே கூடாது. பின்னேரம் கடற்காற்று கிழக்கிலிருந்து ஏறி வந்தால் கணக்குத் தலைகீழ். காலையில் நல்லதென்று நங்கூரம் போட்ட இடம் பின்னேரம் நல்லதல்ல, படகும் நங்கூரத்தைச் சுற்றி மறுபக்கம் போய்விடும்.

சித்திரை மாதம் வேறு விதம். காலையில் வாவி கண்ணாடியாய்க் கிடக்கும், பின்னேரம் 3, 4 மணிக்கு மேற்கே கறுத்து இடி மின்னல் வரும். தோணி ஓட்டத்தின் கடைசிச் சுற்றும் பல நேரம் அந்த நேரம்தான். மின்னலைக் கண்டு இடி கேட்க 30 விநாடிக்குக் குறைவென்றால் மின்னல் 10 கிலோமீற்றருக்குள். எந்தக் கரை கிட்டவோ அங்கே ஏறுங்கள், மறிப்பாவது ஒன்றாவது. பாதுகாப்புப் படகுக்காரரும் அதைத்தான் சொல்வார். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் போன பிறகு இறங்கலாம்.

காத்திருப்பு

இரண்டு மணித்தியாலம் வாவி நடுவில் நிற்க நேர்ந்தால் எஞ்சினை ஐடிலில் விட்டு வைக்காதீர்கள். டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் நீண்ட நேரம் மெதுவாக ஓடினால் எரியாத எண்ணெய் பிளக்கில் படியும். கயிறு திறந்து எல்லாரும் கிளம்புகிற நேரம் பார்த்து உங்களுடையது மட்டும் இருமிக்கொண்டு நிற்கும். நிறுத்திவிடுங்கள். உதிரி பிளக் இரண்டும் பிளக் சாவியும் ஒரு துணியில் சுற்றி வைத்திருங்கள். அழுக்கான பிளக்கைக் கழற்றிப் பெற்றோலில் கழுவித் துடைத்துப் போட்டாலும் பெரும்பாலும் பிடிக்கும். ஆனால் அந்த வேலையைப் பெற்றோல் டாங்கிக்குப் பக்கத்தில் வைத்துச் செய்ய வேண்டாம்.

வாவியின் அடி பெரும்பாலும் சேறு. கடையில் வாங்குகிற மடிக்கிற நாலு கொக்கி நங்கூரம் சேற்றில் கத்தி போட்ட மாதிரி உழுதுகொண்டு வரும், பிடிக்காது. தட்டைச் செவி உள்ள நங்கூரம் நல்லது. அதோடு 8 மில்லிமீற்றர் சங்கிலி 2 மீற்றர். கயிற்று நீளம் ஆழத்தையும் படகு விளிம்பின் உயரத்தையும் கூட்டி ஐந்தால் பெருக்கின அளவு: ஒன்றரை மீற்றர் ஆழம், அரை மீற்றர் விளிம்பு என்றால் 10 மீற்றர். கச்சான் பலமாக அடித்தால் ஏழால் பெருக்குங்கள். இதைவிட லேசான வழியைத் தோணிக்காரர் செய்வார்கள்: 3 மீற்றர் கம்பு ஒன்றைச் சேற்றில் ஊன்றி முன்பக்கத்தைக் கட்டுவது. ஆழம் குறைந்த இடத்தில் இதற்கு மேல் ஒன்றும் இல்லை, போகும்போது பிடுங்கிக்கொண்டு போகத்தான் வேண்டும். விட்டுவிட்டு வந்த கம்பு இரவில் இன்னொரு படகை ஓட்டையாக்கும். நங்கூரத்தைப் பின்பக்கத்தில் கட்டாதீர்கள். எஞ்சின் பாரமும் அலையும் சேர்ந்து தண்ணீர் உள்ளே வரும்.

காத்திருக்கிற நேரத்தில் பிள்ளைகள் இறங்கிக் குளிக்கக் கேட்பார்கள். படுவான்கரைப் பக்கத்துப் பன்புல் ஓரங்களில் முதலை உண்டு. வேண்டாம் என்று சொல்ல அதுவே போதும்.

உடுப்பு விஷயம் சுருக்கமாக: நீந்தத் தெரிந்தவருக்கு 50 நியூட்டன் மிதவை அங்கி காணும். தெரியாதவருக்கும் பிள்ளைகளுக்கும் 100 நியூட்டன், பிள்ளைகளுடையதில் காலிடுக்கால் போகிற பட்டி இருக்க வேண்டும். அங்கியின் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காதுக்கு மேல் ஏறினால் அது அந்தப் பிள்ளைக்கு அளவில்லை.

கயிறு, மாலை, தேங்காய்

மறிப்புக்குக் கட்டுகிற நீலம், பச்சை, மஞ்சள் பிளாஸ்டிக் கயிறு தண்ணீரில் மிதக்கும். பகலில் தெரியும், வெயில் எதிரில் இருந்தால் தெரியாது, இரவில் துப்பரவாகத் தெரியாது. மிதவையாகக் கயிற்றில் கட்டின இரண்டு பிளாஸ்டிக் கானுக்கிடையே ‘இடம் இருக்கிறது’ என்று புகுகிறவர்கள்தான் தண்ணீருக்குள் சுழல்கிற எஞ்சின் காற்றாடியில் கயிறு சுற்றி மாட்டிக்கொள்வார்கள். நைலோன் கயிறென்றால் கொஞ்சம் தாழும். ஆகவே இரண்டு மிதவை கண்டால் நடுவில் கயிறு இருக்கிறது என்றே எடுங்கள். தீர்த்தத்துக்குப் பிறகு மிதந்து வருகிறவை வேறு: மாலை, வாழைத்தண்டு, தேங்காய், பொலித்தீன் பை. முழு வேகத்தில் காற்றாடி ஒரு தேங்காயில் பட்டால் ஷியர் பின் (காற்றாடியைத் தண்டோடு பிணைக்கிற சிறு ஆணி) உள்ள எஞ்சினில் அந்தப் பின் முறியும். எஞ்சின் கத்தும், படகு நகராது. உதிரிப் பின் மூன்றும் நட் கழராமல் வளைத்து விடுகிற ஸ்ப்ளிட் பின் மூன்றும் குறடும் இல்லாமல் துறையை விட்டு வெளிக்கிட வேண்டாம்.

கயிறோ வலையோ சுற்றினால் வேலை இந்த ஒழுங்கில். எஞ்சினை நிறுத்தி, கில் சுவிட்ச் (எஞ்சினை உடனே அணைக்கிற சுவிட்ச்) கயிற்றைக் கழற்றிக் கையில் வைத்திருங்கள், அப்போதுதான் தவறுதலாகவும் ஸ்டார்ட் ஆகாது. கியரை நியூட்ரலில் போட்டு எஞ்சினைத் தூக்குங்கள். சுற்றின திசைக்கு எதிராகக் காற்றாடியைக் கையால் திருப்பி அவிழ்க்கப் பாருங்கள். வலையென்றால் வெட்டுவது கடைசி வழி. யாரோ ஒருவரின் பிழைப்பு அது. வெட்டத்தான் வேண்டுமென்றால் தண்டுக்கு நெடுக்காக, காற்றாடியின் இலைக்கு வெளியே வெட்டுங்கள். பிளாஸ்டிக் கயிறு வேகமாகச் சுற்றியிருந்தால் சூட்டில் உருகி ஒரு வளையமாய்த் தண்டில் இறுகியிருக்கும், அதைச் சீவிச் சீவித்தான் எடுக்க வேண்டும்.

பலர் இதோடு முடித்துவிடுவார்கள். காற்றாடியைக் கழற்றிப் பின்னால் உள்ள வளையத்துக்கும் கியர்ப்பெட்டிக்கும் நடுவில் பாருங்கள். தங்கூசி ஒரு முழம் உள்ளே போயிருந்தாலும் எண்ணெய் கசியாமல் அடைக்கிற ‘சீல்’ வளையத்தை அறுத்துவிடும். படகு அன்றைக்கு ஓடும். ஒரு மாதத்தில் கியருக்குள் தண்ணீர் போய்விடும். நட்டைத் திரும்பப் பூட்டும்போது பழைய ஸ்ப்ளிட் பின்னை நிமிர்த்திப் போடாமல் புதிது போடுங்கள். இரண்டு தரம் வளைத்தது மூன்றாம் தரம் முறியும், காற்றாடி வாவிக்குச் சொந்தமாகிவிடும்.

எஞ்சின் ஓடும்போது பின்னால் பீச்சுகிற தண்ணீர் நின்றதா என்று அடிக்கடி பாருங்கள். தண்ணீர் இழுக்கிற சல்லடையில் மாலை நாரோ சல்வீனியாவோ ஆற்றுவாழை வேரோ அடைத்தால் அது நின்றுவிடும். இரண்டு நிமிடத்துக்குள் நிறுத்திச் சுத்தம் செய்யுங்கள். சல்லடை துப்பரவாக இருந்தும் பீச்சாவிட்டால் பீச்சுகிற துவாரத்தில் சேறு அடைத்திருக்கலாம், தடித்த தங்கூசித் துண்டொன்றை விட்டுக் குத்தினால் திறக்கும். அதுவும் சரிவராவிட்டால் தண்ணீர்ப் பம்புக்குள் சுழல்கிற இம்பெல்லர் பழுது. அதைப் படகில் வைத்துச் செய்ய முடியாது. துடுப்பு எடுத்துக்கொண்டு வந்தீர்களல்லவா?

பெற்றோல்

திருவிழாவுக்கு முதல் நாளே நிரப்புங்கள், அன்றைக்குப் பெற்றோல் ஷெட்டில் வரிசை நிற்கும். டூ-ஸ்ட்ரோக் 15 குதிரைவலு முழுதாகத் திறந்தால் மணித்தியாலத்துக்கு 7 லீற்றர் அளவில் குடிக்கும். நடை வேகத்தில் 2 லீற்றர் காணும். மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு மறிப்புக்கும் சுற்றுக்கும் என்று பிரிப்பது வழக்கம். கலவை 50க்கு 1 என்றால் 10 லீற்றருக்கு 200 மில்லிலீற்றர் எண்ணெய். அவுட்போர்ட் எஞ்சினுக்கென்று விற்கிற எண்ணெயையே வாங்குங்கள். மோட்டர் சைக்கிள் டூ-ஸ்ட்ரோக் எண்ணெய் சாம்பல் விடும், மெதுவாக ஓடுகிற நாளில் பிளக் அடைக்கும்.

கயிறு திறந்து கிளம்பி நாலைந்து நிமிடத்தில் எஞ்சின் தானாகச் செத்தால் பிளக்கைத் தேட முன் டாங்கி மூடியின் காற்றுத் திருகைப் பாருங்கள். காத்திருக்கும்போது மணம் வருகிறதென்று யாராவது இறுக்கியிருப்பார்கள். குழாயின் நடுவில் உள்ள ரப்பர்க் குமிழ் சப்பளிந்து கிடந்தால் நிச்சயமாக அதுதான்.

இரவு

அமாவாசை நாளில் பொழுது 6.30 அளவில் பட்டால் 7 மணிக்குக் கும்மிருட்டு, நிலவு இல்லை. கரையில் மின்குமிழ்ச் சோடனை எரிகிற பக்கம் பார்த்து ஓட்டினால் நடுவில் உள்ள தோணி தெரியவே தெரியாது. 7 மீற்றருக்கு உட்பட்ட, மெதுவாகப் போகிற படகுக்குக் குறைந்தது எல்லாப் பக்கமும் தெரிகிற வெள்ளை லைட் ஒன்று வேண்டும். அதை ஆட்களின் தலைக்கு மேல் கம்பில் கட்டுங்கள், பலகையில் வைத்தால் உங்கள் கண்ணைத்தான் கூசும். இடப்பக்கம் சிவப்பும் வலப்பக்கம் பச்சையும் இருந்தால் இன்னும் நல்லது. நங்கூரம் போட்டு நின்றாலும் வெள்ளை லைட் எரிய வேண்டும். கயாக்கில் போகிறவர் ரோச் லைட்டைக் கழுத்தில் கட்டி, படகுச் சத்தம் கேட்டவுடன் காட்டக் கூடியதாக வைத்திருந்தால் சரி. நீலமும் சிவப்பும் மின்னுகிற சோடனை லைட்டைப் படகில் கட்டாதீர்கள். பொலிஸ் படகென்று நினைத்து ஆட்கள் குழம்புவார்கள்.

கயாக்காரருக்கு வேறு பெரிதாகச் சொல்ல இல்லை. கயாக்கைத் தலையில் வைத்து எங்கேயும் ஏற்றலாம், டிரெய்லர் கவலை கிடையாது. கச்சானுக்கு எதிராக வலித்தால் வேகம் பாதியாகும் என்பதை மட்டும் நேரக் கணக்கில் சேருங்கள். திரும்புகிற வழி மேற்கே என்றால் 10 மணிக்கு முன் திரும்புங்கள்.

மறிப்பில் நிற்கிறவரோடு

மறிப்புப் படகுக்கு 30 மீற்றர் தள்ளியே நியூட்ரலில் போட்டு, கையை உயர்த்திக் காட்டி, அவர் கூப்பிட்ட பிறகு கிட்டப் போங்கள். ‘ஏன் மறிக்கிறீங்க’ என்று தொடங்கினால் கதை அங்கேயே முடிந்துவிடும். ‘சேர், டிரெய்லர் அந்தக் கரையில நிக்குது, எத்தனை மணிக்குத் திறப்பீங்க, எங்க நிண்டா உங்களுக்குக் கரைச்சல் இல்ல?’ என்று கேட்டால் பெரும்பாலும் வழி சொல்வார். கூட நிற்கிற கோயில் தொண்டர் பொடியனை ‘தம்பி’ என்று கூப்பிட்டுக் கேட்டால் இன்னும் விவரமாகச் சொல்வான். சாமி எந்த மட்டில் வருகிறது என்பது அவனுக்குத்தான் தெரியும். காத்தான்குடிப் பக்கம் ஒதுங்க வேண்டி வந்தால் கரையில் வலை காயப்போடுகிற காக்காவிடம் (முஸ்லிம் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவோம்) ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஏற்றுங்கள். அது அவர்களுடைய துறை. யாருக்காவது ஆபத்தென்றால் பொலிஸ் 119, சுவசெரிய அம்புலன்ஸ் 1990. துறையின் பெயரையும் கிட்டவுள்ள கோயிலையோ பாலத்தையோ சேர்த்துச் சொல்லுங்கள். ‘வாவி நடுவில’ என்றால் அவர்கள் எங்கே என்று தேடுவார்கள்?

ஏற்றின பிறகு

கோடை வாவித் தண்ணீர் உப்பு. வீட்டுக்கு வந்து எஞ்சினைப் பெரிய பீப்பாவில் இறக்கி, நல்ல தண்ணீரில் பத்து நிமிடம் ஐடிலில் ஓட விடுங்கள். பீச்சுகிற தண்ணீரில் சேற்று நிறம் போன பிறகு நிறுத்தலாம். கயிறோ வலையோ சுற்றின நாளென்றால் எஞ்சினை நிமிர்த்தி ஓர் இரவு வைத்துவிட்டு, காலையில் கியர்ப்பெட்டியின் அடித் திருகைக் கொஞ்சம் தளர்த்திப் பாருங்கள். முதலில் தண்ணீர்ச் சொட்டு வந்தாலோ, எண்ணெய் பால் கலந்த தேத்தண்ணி நிறத்தில் இருந்தாலோ சீல் போய்விட்டது. சீலை மாற்றிப் புது எண்ணெய் விடும்போது அடித் துவாரத்தால் ஏற்றி, மேல் துவாரத்தால் காற்றுக் குமிழ் இல்லாமல் வழிகிற வரைக்கும் விடுங்கள். மேல் திருகை முதலில் பூட்டிவிட்டுத்தான் அடித் திருகைப் பூட்ட வேண்டும், மாறிப் பூட்டினால் விட்ட எண்ணெயில் பாதி நிலத்தில்.